கும்பிடக் கையில்லாத வளைவு

வீரய்யா லைசன்ஸ் பரீட்சையில் முதல் தடவை தோற்றது பக்தியால்தான்!

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் லொறி கழுவுவது அவர் வேலை. கழுவிய கையோடு ஓட்டவும் பழகிக்கொண்டார். தோட்டத்து ரோட்டின் கொண்டை வளைவில் ஒரு முனியாண்டி கல். அந்த இடம் வந்ததும் பழைய டிரைவர் சக்கரத்தை விட்டுவிட்டு இரு கையாலும் கும்பிடுவார். அவரிடம் பழகியவர்களுக்கும் அதுவே வழக்கம். அங்கே இரண்டு லொறிகள் பள்ளத்தில் உருண்டன. முனியாண்டிக்குக் கோபம் என்றார்கள். சக்கரத்தில் கை இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

1957இல் பழைய டிரைவர் விலகினார். வீரய்யா பரீட்சைக்குப் போனார். ஹட்டன் கடைத்தெரு இறக்கத்தில், கோயில் திருப்பத்தில், அவர் கைகள் தாமாக எழும்பின. லொறி ஒரு மரக்கறிக்கடைக் கூடைகள்மேல் ஏறி நின்றது. பக்கத்தில் இருந்த சிங்கள அதிகாரி இறங்கி நடந்தே போய்விட்டார்.

"இன்னொரு தடவை தவறினால் லொறி சின்னத்தம்பிக்கு" என்றார் தோட்டத்துத் துரை. சின்னத்தம்பி பெரிய கங்காணியின் மருமகன். மாமனார் கண்டிக்கு அனுப்பி லைசன்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். கழுவுகிறவன் சாகும்வரை கழுவ வேண்டும், கங்காணி வீட்டார் ஓட்ட வேண்டும். இந்த அநியாயத்துக்குத் தோட்டத்தில் ஒழுங்கு என்று பெயர்!

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் சின்னத்தம்பி கேட்டான்: "என்ன வீரய்யாண்ணே, லைசன்ஸ முனியாண்டிக்கிட்டயே வாங்கிக்கிறீங்களா?"

வீரய்யாவின் மனைவி நாகலெட்சுமிக்கு அந்தக் கேலி பொறுக்கவில்லை. லயத்து வரிசையில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பிராவில் அவரைப் பெட்டிமேல் உட்காரவைத்தாள். கையில் சுளகு, அதுதான் சக்கரம். இடப்பக்கம் உலக்கை, அது கியர்.

"எறக்கம் வருது... வளைவு... கோயிலு!"

அவர் கை எழும்பும். அகப்பையால் முட்டியில் ஒரு தட்டு விழும்.

"அடியே, வலிக்குதுடி!"

"பள்ளத்துல விழுந்தா இன்னும் வலிக்கும். சாமிய நான் பாத்துக்கிறேன். நீங்க கியரப் பாருங்க."

மறுபடியும் ஹட்டன். அதே இறக்கம், அதே அதிகாரி. எதிரே ஒரு பஸ் முக்கி முக்கி ஏறி வருகிறது. கோயில் மணி அடிக்கிறது. வீரய்யா சக்கரத்தை இறுகப் பிடிக்கிறார். கிளச்சை மிதித்தார், கியரை விடுவித்தார். கிளச்சை விட்டு அக்சிலேட்டரை ஒரு அழுத்து. மறுபடி கிளச், சட்டென்று இரண்டாம் கியர்! இஞ்சின் உறுமி வேகத்தை அடக்கிப் பிடித்தது. வலக்கை சக்கரத்தை வளைக்க, இடக்கை கியரை விட்டு ஓடிவந்து சேர்ந்துகொள்ள, லொறி பஸ்ஸை உரசாமல் திருப்பத்தை வளைந்து கடந்து போனது!

அதிகாரி கோயிலைப் பார்த்துக் கைகூப்பினார். அவர் கைகளுக்குத்தான் வேலை இல்லையே.

"நீ கும்பிடல்லையா?" தமிழில் தடுமாறிக் கேட்டார்.

"கும்பிடக் கையில்லீங்க மாத்தயா. ரெண்டும் வேலையா இருக்கு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, நான் கும்பிட்டது ரெண்டு பேருக்கும் போதும். ஓட்டு, ஓட்டு!"

லைசன்ஸ் வந்தது. லொறியும் வந்தது. முதல் நாள் கொழுந்து ஏற்றிக்கொண்டு முனியாண்டி வளைவை நெருங்கினார். மூட்டைகள்மேல் இருந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் பக்கக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டார்கள். இஞ்சின் சத்தத்தையும் மீறிப் பின்னாலிருந்து நாகலெட்சுமியின் குரல் கேட்டது:

"கும்பிட்டாச்சு! நீங்க திருப்புங்க!"