கட்டை விரலில் நின்ற தாளம்

இந்த வாரம் எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். சோம்பல் இல்லை... பயம். நடந்ததை நினைத்தாலே வலது கைக் கட்டை விரல் தானாக விறைத்துக்கொள்கிறது. அந்த விரல் இல்லாமல் போனில் எப்படி டைப் அடிப்பது, நீங்களே சொல்லுங்கள்?

போனில் இடமில்லை என்று அழுகிறவர்கள் எல்லாம் என்னிடம்தான் வருவார்கள். அவர்களுடைய பாட்டுகளை ஒரு ஆப்பில் போட்டு, பத்தில் ஒரு பங்காகச் சுருக்கித் தருவேன். பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது. அன்றிலிருந்து பெரிய எண் எதைப் பார்த்தாலும் எனக்குச் சின்னதாக்கத் தோன்றும். "சவுண்டு கெட்டுடாதா?" என்று யாராவது கேட்டால், "உங்க காதுக்கு இது போதும் சார்" என்பேன். ஒருத்தரும் சண்டைக்கு வந்ததில்லை. என் காது ரொம்ப ஒசத்தி என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் கூச்சம் இருக்காது?

என் நண்பன் குமரனின் தங்கை வித்யாவுக்குப் போன சனிக்கிழமை மயிலாப்பூரில் ஒரு ஹாலில் நடனம். முதல் முறையாகத் தனியாக மேடை ஏறுகிறாள். பாட்டு, மிருதங்கம், டீச்சர் ஜால்ராவில் தட்டும் தாளம் — எல்லாம் கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்தது. அந்தப் பென் டிரைவை என் கையில் கொடுத்து, "போன்ல ஏத்திக்கோ மச்சி. ஹால்ல நீதான் பாட்டு போடணும்" என்றான் குமரன்.

ஏற்றப் பார்த்தேன். இடமில்லை. கை சும்மா இருக்குமா? சின்னதாக்கினேன். ரங்கநாதன் தெரு நெரிசலில், ஒற்றைக் காதில் இயர்போன் மாட்டிச் சோதித்தும் பார்த்தேன். பிரமாதம்! பென் டிரைவை அழித்து, தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவருக்குக் குத்துப்பாட்டு நிரப்பிக் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஹாலில் மைக் செட்காரர் என் போனில் வயரைச் செருகினார். பெரிய ஸ்பீக்கரில் பாட்டு வந்தது... தாளம் வரவில்லை. கணீரென்று விழ வேண்டிய இடத்திலெல்லாம் 'உஷ்... உஷ்...'

"இன்னா நைனா, பாட்டுக்குள்ள யாரோ அப்பளம் பொரிச்சிக்கினு கீறாங்க?" என்றார்.

சிரிக்க வாய் திறந்தேன். மேடையைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். ஒத்திகைக்காக முழு ஒப்பனையில் வந்த வித்யா, தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றிருந்தாள்.

"அண்ணா... தாளம் எங்க? அது கேட்டாத்தானே நான் கால் போடுவேன்?"

வாசலில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். முதல் வரிசையில் டீச்சர். ஸ்டுடியோக்காரர் போன் ஸ்விட்ச்டு ஆஃப். பென் டிரைவோ வேளச்சேரிப் பக்கம் ஏதோ ஆட்டோவில் குத்துப்பாட்டு பாடிக்கொண்டிருக்கிறது. ஒரு பெண் வருஷக்கணக்காகக் கால் வலிக்கப் பழகியதை, ஒரே விரலால் அழித்துவிட்டேனா?

குமரன் கத்தவில்லை. அதுதான் இன்னும் பயம்.

"இன்னாடா பண்ணே?"

"சின்னதாக்கினேன் மச்சி... போன்ல இடமில்ல..."

"உன் மூஞ்சி போட்டோவ அழிக்கிறதுதானே? அதுவே ஆயிரம் கீது!"

வித்யா மேக்கப் பையைத் துழாவி, தீப்பெட்டி அளவில் ஒரு பழைய பிளேயரை எடுத்தாள். கோட்டூர்புரம் வீட்டு மொட்டை மாடியில் அதைப் போட்டுத்தான் பழகுவாளாம். ஸ்டுடியோவில் வாங்கிய பதிவு, சுருக்காமல், அப்படியே.

"இதுல இந்த ஒரு பாட்டுதாண்ணா இருக்கு. அதுக்கே இடம் சரியாப் போச்சு. மத்த எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

என் போனில் ஆயிரக்கணக்கில் பாட்டு. ஒன்றிலாவது தாளம் இருக்குமா என்று எனக்கே சந்தேகம்.

வயர் இடம் மாறியது. கணீர்! அடுத்த நொடி 'கர்ர்ர்...' பிளேயரில் வயர்ப் பின் செருகும் இடம் லூஸ். கட்டை விரலால் அழுத்தினேன் — கணீர். விட்டேன் — கர்ர்ர்.

"அப்டியே புடிச்சிக்கினு உக்காரு நைனா. நீ அசைஞ்சா அந்தப் பொண்ணு கால் தப்பிடும்" என்றார் மைக் செட்காரர்.

திரை விலகியது.

அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை. விரலை மட்டும்தான் பார்த்தேன். மூக்கில் ஒரு கொசு உட்கார்ந்தது — உட்காரட்டும். தும்மல் வந்தது — விழுங்கினேன். வியர்வையில் பின் வழுக்கியது... இன்னும் இறுக்கி அழுத்தினேன். தாளம் விழும், சலங்கை பதில் சொல்லும். அப்பாடா என்பதற்குள் அடுத்த தாளத்துக்கான பயம்! என் ஆயுளில் ஒரு சத்தம்கூட விடாமல் கேட்ட பாட்டு அது ஒன்றுதான். நல்ல ஹெட்போன் எதற்கு? நன்றாகப் பயந்தால் போதும், காது அவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது.

கைதட்டல் வந்தபோதும் விரலை எடுக்க முடியவில்லை. குமரன்தான் வந்து பிரித்துவிட்டான்.

இன்று காலை இதை எழுதி முடித்து, முதலில் அவனுக்குத்தான் அனுப்பினேன். "ரொம்ப நீளமா கீதா மச்சி?" என்று கேட்டிருந்தேன்.

உடனே பதில் வந்தது: "நீளமாத்தான் கீது... ஆனா மச்சி, நீ எதையும் சின்னதாக்காத!"