காளான்கரடியின் இடது கால்

என் அண்ணனுக்கு அவன் வேலை பார்க்கும் வீடியோ கேம் நிறுவனத்தில் விருது கொடுக்கிறார்களாம். விழா மலரில் போட, கூடப்பிறந்தவள் என்ற முறையில் அவனைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். தருகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

கம்ப்யூட்டரில் உருவங்களை நடக்க வைப்பது அவன் தொழில். அடுத்தவர் நடையைத் திருடுவதில் சின்ன வயதிலேயே கெட்டிக்காரன். கணக்கு வாத்தியாரைப் போல, எதிர்வீட்டுத் தையல்காரரைப் போல நடந்து காட்டுவான். வயிறு வலிக்கச் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது காளான்கரடி, கேமில் வரும் ஒரு மிருகம். கரடியின் மண்டைக்குள் ஒரு பூஞ்சை புகுந்து மூளையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கரடிக்குச் சொந்தப் புத்தி கிடையாது, பூஞ்சை ஓட்டுகிற இடத்துக்கெல்லாம் போகும். பின்னங்கால்களில் எழுந்து, இடது காலை இழுத்து இழுத்து, சுவரைத் தடவிக்கொண்டு வரும். கேமை ஆடியவர்கள் மிரண்டு போனார்கள். இந்த நடை எப்படிக் கிடைத்தது என்று பேட்டியில் கேட்டதற்கு, "கவனிப்பு" என்று சொல்லியிருக்கிறான்.

கவனித்தது எங்கள் அப்பாவை.

அப்பா பஸ் டிரைவர். முப்பது வருஷம் கிளட்ச் மிதித்த இடது கால், பக்கவாதத்தில் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினொரு அடி. அதை நடக்க அவருக்கு ஐந்து மாதம் பிடித்தது. அண்ணன் வாராவாரம் வந்து போனில் படம் பிடித்தான். "டாக்டருக்குக் காட்டத்தான்பா. இன்னொரு தடவ நடங்க" என்பான். மகன் எடுக்கிறானே என்று அப்பா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு நடப்பார். எந்த டாக்டரும் அதைப் பார்க்கவில்லை.

கேம் வெளிவந்ததும் அவனே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவுக்குக் காட்டினான். அப்பா பூரித்துப்போவார் என்று நினைத்தானாம். அவன் புத்தி அவ்வளவுதான்.

"இது நான்தானே?" என்றார் அப்பா.

"இல்லப்பா, கரடி. அதுக்கு நடக்கவே இஷ்டமில்ல. பூஞ்சைதான் இழுத்துட்டுப் போகுது."

அன்றிலிருந்து அப்பா கட்டிலை விட்டு இறங்கவில்லை. எல்லாம் படுக்கையிலேயே. பயிற்சி கொடுக்க வரும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னும் ஒரு மாசம் இப்படியே படுத்திருந்தா அந்தக் கால் திரும்ப வராதுக்கா" என்றாள். அண்ணனுக்குப் போன் போட்டு வாயில் வந்தபடி திட்டினேன்.

"மாத்திடுறேன். அப்பாகிட்ட சொல்லு" என்றான்.

மூன்று வாரம் கழித்து வந்தான். மாற்றித்தான் இருந்தான். கரடி இப்போது வலது காலை இழுத்தது. மற்றபடி அச்சு அசல் அதே நடை. ஓர் அசைவை இடம் வலமாகத் திருப்ப அவர்களுக்கு ஒரு பட்டன் போதுமாம்.

அப்பா அவனிடம் பேசவில்லை. என்னைப் பார்த்து, "கிளட்ச்தான் போச்சுன்னு இருந்தேன். பிரேக்கையும் புடுங்கிட்டான். வெளிய போகச் சொல்லு" என்றார்.

அவன் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டு, "ஒரு நிமிஷம் கேளுங்கப்பா. ஆடுறவங்களுக்கு அந்த நடைதான் புடிச்சிருக்கு. நான் என்ன பண்றது?" என்றான்.

கதவைச் சாத்த எழுந்தேன். "நீ இரு" என்றார் அப்பா. கால்களைக் கட்டிலிலிருந்து கீழே போட்டார். ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். தட்டிவிட்டார்.

"என்னை யாரும் இழுக்க வேணாம். நானே போறேன்."

சுவரைத் தடவி, இடது காலை இழுத்து இழுத்து, வாசல் வரை நடந்தார். குளியலறையை விட அது தூரம். வியர்த்துக் கொட்டியது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அண்ணனுக்கும் கண் கலங்கியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. போனை எடுத்து அப்பாவுக்கு நேராகப் பிடித்தான்.

அப்பா அதைப் பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

இப்போது காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வாசல் வரை நடந்து போய் வருகிறார்.