சூயஸ் கால்வாயில் மாட்டிய அக்கா கல்யாணம்

1967. எம்.ஏ. சமூகவியல் வகுப்பில் என் முதல் மாதம்...

"அரபு-இஸ்ரேல் சண்டையில் சூயஸ் கால்வாய் மூடப்பட்டதால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார் பேராசிரியர்.

ஒருவன் எண்ணெய் என்றான். ஒருத்தி பருத்தி என்றாள்.

நான் எழுந்து, "எங்க அக்கா கல்யாணம் நின்னு போச்சு சார்!" என்றேன்.

வகுப்பே சிரித்தது. (எனக்கு அழுகை வராத குறை!)

ஆனால் உண்மை அதுதான். ராயபுரத்தில் எங்கள் தெருவில், மாப்பிள்ளை கப்பல் வேலைக்காரர் என்றால் ஒரு வழக்கம் உண்டு. கப்பல் லண்டனை விட்டுக் கிளம்பிவிட்டது என்று கம்பெனி ஆபீஸில் சொன்ன பிறகுதான் மாதா கோயிலில் ஓலை வாசிக்கக் கொடுப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் வாசிப்பார். மூன்றாவது ஓலை முடிந்த கையோடு கப்பலும் வந்துவிடும், கல்யாணமும் நடந்துவிடும்.

ஸ்டெல்லா அக்காவுக்கு மூன்று ஓலையும் வாசித்தாயிற்று. மாப்பிள்ளை சேவியர் மாமாவைக் காணோம்! கப்பலும் இல்லை, கடுதாசியும் இல்லை. கம்பெனி ஆபீஸிலும் ஒரு தகவலும் இல்லை.

"கால்வாய்க்குள்ள மாட்டிக்கினு கீதாம் அந்தக் கப்பலு. இனிமே எப்ப வுடுவானோ!" என்று தெரு முழுக்கப் பேச்சு.

தண்டையார்பேட்டையிலிருந்து வந்த வேறொரு வரனுக்கு அம்மா தலையாட்டத் தயாராகிவிட்டாள். அக்கா சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

வகுப்பில் சிரிக்காதவர் பேராசிரியர் மட்டும்தான். "சண்டை ஆரம்பிச்ச அன்னைக்குக் கால்வாய்க்குள்ள இருந்த கப்பல்தாம்மா மாட்டிக்கிச்சு. மத்ததெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுத்தித்தான் வரணும். உங்க கப்பல் எப்போ கிளம்பிச்சுன்னு கண்டுபிடி" என்றார்.

பஸ்ஸில் வழியெல்லாம் அதே யோசனை. கல்மண்டபம் தாண்டும்போது பொறி தட்டியது!

வீட்டுக்கு ஓடினேன். "அம்மா, முதல் ஓலை வாசிச்ச அன்னிக்கு சாமியாரு எதுக்கு வேண்டிக்கச் சொன்னாரு?"

"எருசலேமுல சண்ட வந்துட்ச்சு, அல்லாரும் வேண்டிக்கோங்கன்னாரு. அதுக்கு இன்னா இப்போ?"

"அப்போ முதல் ஓலைக்கு முன்னாடியே சண்ட வந்துடுச்சு. கப்பல் கெளம்பி ரெண்டு நாள்ல ஓலை. லண்டன்லேர்ந்து கால்வாய்க்கு வரவே எத்தினி நாள் ஆவும்! மாட்டிக்கிறதுக்கு மாமா அங்க போயே இருக்க மாட்டாரும்மா!"

தரையில் கரியால் ஆப்பிரிக்கா வரைந்து காட்டினேன். (பலாப்பழம் மாதிரி வந்தது!) அக்கா அதன் ஓரமாகவே விரலை ஓட்டிக்கொண்டு போனாள்.

அம்மாவுக்குக் கோபம். "எவனோ எங்கியோ அட்ச்சிக்கினா, என் பொண்ணு கல்யாணம் இன்னாத்துக்குடி நிக்கணும்?"

அடேயப்பா! இதைவிட நல்ல கேள்வியை எங்கள் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. அந்த வருஷம் நான் எழுதிய கட்டுரையே அதைப் பற்றித்தான்.

தண்டையார்பேட்டைக்காரர்களிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள் அம்மா. அதன் பிறகு தினமும் விரல் விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தேன் நான். என் கணக்கு தப்பாக இருந்தால் அக்காவின் கதி என்ன?

ஒரு நாள் காலை, கறுத்து இளைத்துப்போய் வாசலில் நின்றார் சேவியர் மாமா!

"ஆப்பிரிக்காவ சுத்திக்கினு வந்தோம் அத்தே, அதான் லேட்டு..."

"தெரியும், தெரியும். உக்காரு நைனா, மொதல்ல சாப்டு" என்றாள் அம்மா. உள்ளே அக்கா விசும்பும் சத்தம் கேட்டது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை வாசலில் ஒரே கூட்டம். எல்லோரும் கப்பல் வேலைக்குப் போனவர்களின் மனைவிமார்.

"பாப்பா, என் வூட்டுக்காரு கப்பலு இப்ப எங்க வந்துகினு கீதுன்னு கொஞ்சம் பாத்து சொல்லேன்!"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "பாப்பா காலேஜுக்குப் போவுது. இன்னிக்குப் பாடத்த கேட்டுக்கினு வந்து சொல்லும். அல்லாரும் சாயங்காலமா வாங்க!"