மீசை வைத்த முன்பள்ளிப் பிள்ளைகள்

போன கிழமை ஊரிலிருந்து வந்த ஒருவர் ஒரு பெட்டி இதரை வாழைப்பழம் கொண்டுவந்து தந்தார். பழம் நசியாமல் இருக்கச் சுற்றிவர வாழைச்சருகு அடைத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் பழத்தின் வாசத்தை முந்திக்கொண்டு சருகின் வாசம்தான் வந்தது. நான் பழத்தை விட்டுவிட்டுச் சருகை மூக்கில் வைத்தபடி குசினிக்குள் தனியே நின்று சிரித்தேன். மகள் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பாட்டில் போய்விட்டாள். இந்த வீட்டில் நான் காரணமில்லாமல் சிரிப்பது எல்லோருக்கும் பழகிப்போன விசயம். உங்களுக்கு மட்டும் காரணத்தைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நீர்வேலியில் வாழைக்குலை வாங்கும் ஒரு சங்கத்தில் வேலை. கரண்டும் இல்லை, பெற்றோலும் இல்லை என்றிருந்த யுத்தகாலம். தோட்டக்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும் குலைகளைத் தராசில் தூக்கி வைப்பார்கள். நான் நிறையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுப்பேன். வாழைக்கயரின் கறை படாத உடுப்பு என்னிடம் ஒன்றுகூட இருக்கவில்லை. வேலை மோசமில்லை. ஆனால் வாழைக்குலை திருப்பிக் கதைக்காது. எனக்கோ நாள் முழுக்கக் கதைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தால் கதைக்கவும் ஆள், கேள்வி கேட்கவும் ஆள் என்று நினைத்து, சனி ஞாயிறில் நல்லூரில் நடந்த முன்பள்ளிக் கல்வி டிப்ளோமாவில் சேர்ந்தேன்.

வகுப்பு ஒரு ரியூசன் கொட்டிலில். பக்கத்துக் கொட்டிலில் உயர்தரப் பெடியளுக்கு இரசாயனவியல். நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலிதான். பிள்ளையின் மனம் எப்படி வளர்கிறது என்றெல்லாம் எழுதுவித்த எங்கள் விரிவுரையாளர், மெலிந்த, சிரிக்காத மனிதர், ஒருநாள் கொப்பிகளை மூடச் சொன்னார். விளையாடத் தெரியாதவர் பிள்ளைகளுக்குக் கிட்டப் போகக்கூடாது என்றார். பிறகு எங்களைத் தவளைகளாக மாறச் சொன்னார். நாங்கள் அத்தனை பெண்களும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டில் முழுக்கப் பாய்ந்தோம். கிடுகு ஓட்டைகள் எல்லாம் கண்களாகிவிட்டன. என் பக்கத்துத் தவளை குருநகர் ஸ்ரெல்லா. கிழிந்த மீன்வலை பொத்தும் இடத்தில் வேலை செய்துகொண்டு படிக்க வந்தவள். பாய்ந்தபடியே என் காதுக்குள் சொன்னாள்: “அக்கா, எங்கடை கலியாணமெல்லாம் இண்டையோடை முடிஞ்சுது.”

அதற்குப் பிறகு எனக்கு வெட்கம் என்று ஒன்று மிஞ்சவில்லை. சங்கத்தில் குலை நிறுக்கும்போதே பாட்டுப் பழகினேன். “அம்மா யானை அசைஞ்சு வருது, குட்டி யானை குதிச்சு வருது” என்று நானே கட்டிய பாட்டு ஒன்று. அதைக் கேட்டுக் கேட்டு, குலை தூக்குகிற ஆட்களுக்கும் பாடமாகிவிட்டது. அவர்களுக்குத் தலைவர் மாதிரி வல்லிபுரம் அண்ணை. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மீசை. பெரிய குலையைத் தூக்கினால் அம்மா யானை மாதிரி அசைந்து வருவார். சின்னக் குலை கிடைத்தால் இளந்தாரி யோகன் குதித்து வருவான். மனேச்சர் ஐயா வெளியே வந்து, இது சங்கமோ சர்க்கஸோ என்று கேட்டுவிட்டுப் போவார்.

கடைசியாகச் செய்முறைப் பரீட்சை வந்தது. சங்கத்துக்குப் பக்கத்திலேயே சாணி மெழுகிய தரையோடு ஒரு சின்ன முன்பள்ளி. அங்கேதான் பரீட்சகருக்கு முன்னால் நான் பிள்ளைகளை நடத்திக் காட்ட வேண்டும். லொறி வருவதற்கு முன் திரும்பிவிட வேண்டும் என்ற கட்டளையோடு மனேச்சர் அரை மணித்தியாலம் விட்டார்.

அன்று விடியவே பொம்மர் வந்து இரண்டு தரம் சுற்றிவிட்டுப் போனது. குண்டு ஒன்றும் போடவில்லை. ஆனால் எந்தத் தாய் பிள்ளையை வெளியே விடுவாள்? நான் பாயை விரித்துவிட்டுக் காத்திருக்கிறேன், ஒருவரும் இல்லை. வந்தது ஒரே ஒரு பிள்ளை, வல்லிபுரம் அண்ணையின் கடைசி மகள் தேனுகா. பள்ளிக்குப் போகத்தான் வேண்டும் என்று அழுது தகப்பனோடு வந்துவிட்டாள். வந்தவள் வெறும் பாயைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

பருத்தித்துறையிலிருந்து மண்ணெண்ணெயில் ஓடும் மினிவானில் புகை குடித்து வந்து இறங்கிய பரீட்சகர் ரீச்சர் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குறைந்தது பத்துப் பிள்ளைகள் வேண்டும், தன்னால் இன்னொரு நாள் வர முடியாது, அடுத்த அணியோடுதான் எழுத வேண்டிவரும் என்றார். குரலில் கோபம் இல்லை. அடுத்த அணி என்று ஒன்று இருக்குமா என்பது அந்த நாளில் யாருக்குத் தெரியும்? ஒன்றரை வருசமாக நல்லூருக்குச் சைக்கிள் மிதித்த கால் இரண்டும் அப்போதுதான் நோகத் தொடங்கின.

மகளை விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த வல்லிபுரம் அண்ணை படலையடியில் நின்றார்.

“ரீச்சர், பிள்ளையள் காணாதெண்டால் நாங்கள் இருக்கிறம். எங்களுக்குப் பாட்டெல்லாம் பாடம்.”

ரீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பார்வை மீசையில் கொஞ்ச நேரம் நின்றது.

“என்ன வயது?”

“நாலு, ரீச்சர்.” அண்ணை சிரிக்கவில்லை.

ரீச்சர் கதிரையில் உட்கார்ந்து பேனையைத் திறந்தார். “தொடங்குங்கோ.”

அண்ணை போய்க் கூப்பிட, அவரோடு சேர்த்துக் குலை தூக்குகிற ஆட்கள் எட்டுப் பேர் இடுப்பில் சாரத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு பாயில் வந்து இருந்தார்கள். பெரிது, சிறிது என்று பிரிப்பதுதான் பாடம். வாழைப்பழங்களை நடுவில் வைத்தேன். எல்லோரும் பிரித்து முடித்தபோது சிறிதில் ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கே போனது என்று கேட்டேன். “வயித்துக்குள்ளை, ரீச்சர்” என்றான் யோகன். ஒருவர் ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு வெளியே போக அனுமதி கேட்டார். அதற்குள் பெரிய சீப்பு ஒன்றுக்காக வல்லிபுரம் அண்ணைக்கும் பக்கத்திலிருந்தவருக்கும் இழுபறி. அவர்கள் நடிக்கிறார்களா, உண்மையாகவே சண்டையா என்று எனக்கே விளங்கவில்லை. படித்ததெல்லாம் மறந்துபோக, ஒரே ஒன்று நினைவுக்கு வந்தது: பறிக்காதே, பிள்ளையின் மனதில் இருப்பதைச் சொல்லிக்காட்டு. குனிந்து, வாழ்க்கையில் முதல்தரம் “அண்ணை” என்று சேர்க்காமல் சொன்னேன்:

“வல்லிபுரத்துக்கு அது சரியான விருப்பம் போலை, என்ன?”

அண்ணை கையை விட்டுவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு, “ஓம், ரீச்சர்” என்றார். அந்தக் குரலில் நடிப்பு இருக்கவில்லை.

அப்போதுதான் தூணுக்குப் பின்னால் இருந்து தேனுகா வெளியே வந்தாள். நேரே தகப்பனிடம் போனாள்.

“அப்பா, குழப்படி செய்யக்கூடாது. கையைக் கட்டுங்கோ.”

கட்டினார். அதற்குப் பிறகு வகுப்பை நடத்தியது அவள்தான். ஆளுக்கொரு பழமாகப் பிரித்துக் கொடுத்தாள், யோகனைத் தவிர. லொறி வந்துவிட்டது, ஆட்களைக் காணவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டு மனேச்சர் உள்ளே வந்தார். பரீட்சகர் நிமிராமலே, பிந்தி வந்த பிள்ளை பின்னுக்கு இருக்க வேண்டும் என்றார். மனேச்சர் எங்களைப் பார்த்தார், தேனுகாவைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயின் கரையில் சம்மணம் கட்டினார். யானைப் பாட்டில் எல்லோரும் எழும்பி ஆடினோம். உள்ளதைச் சொன்னால், குட்டி யானையாய் உயரக் குதித்தது அவர்தான்.

வந்த பிள்ளைகள் பத்து என்று ரீச்சர் எழுதினார். மனேச்சரையும் சேர்த்தால்தான் அந்தக் கணக்குச் சரி. முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு போகும்போது ரீச்சர் என்னிடம் சொன்னார்: “உந்த மீசைக்காரப் பிள்ளையை மட்டும் கொஞ்சம் கவனியும்.” வேலிக்கு அங்காலே போன பிறகு அவர் விழுந்து விழுந்து சிரித்தது எங்களுக்குக் கேட்டது. நான் சித்தியடைந்தேன். சனிக்கிழமை வகுப்பில் கதையைக் கேட்டு ஸ்ரெல்லா சிரித்த சிரிப்பில் விரிவுரையாளர் எங்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டார். வெளியே நின்றும் சிரித்தோம்.

அடுத்த வருசக் கடைசியில் சண்டை நெருங்கிவர, ஊரே எழும்பி நடந்தது. கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தவறவிட்டோம். நான் கொழும்புக்கு வந்து இருபது வருசத்துக்கு மேல் முன்பள்ளியில் படிப்பித்தேன். ஸ்ரெல்லா கனடாவில் என்று கேள்வி. வல்லிபுரம் அண்ணை குடும்பம் எந்தப் பக்கம் போனதென்று சொல்ல ஒருவருமில்லை.

சில வருசங்களுக்கு முன் அந்த இடத்துக்குப் போனேன். தகரக் கூரையும் சீமெந்து நிலமுமாக ஒரு பெரிய கடை. இங்கே ஒரு முன்பள்ளி இருந்ததே என்று கடைப் பெடியனிடம் கேட்டேன். “இல்லையே அன்ரி, இது எப்பவும் கடைதானே” என்றான். அவன் பிறந்ததே அதற்குப் பிறகுதான். அவனோடு என்ன வழக்கு? ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு, அடுக்கியிருந்த சீமெந்துப் பைகளுக்கு நடுவில் கண்ணால் அளந்து பார்த்தேன். சங்கம் எங்கே முடிந்தது, பள்ளி எங்கே தொடங்கியது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.