வஸீலா வெட்டிய மீன்

திரைக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட ஆலிவ் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்ததும் வஸீலா முதலில் செருப்பைக் கழற்றுவாள். பிறகு வசனத் தாள்களைப் பிரித்து மடியில் வைப்பாள். ஆனால் அவற்றைப் பார்க்கமாட்டாள். மேடையில் ஒருவர் மூச்சை இழுக்கும்போதே அவள் உதடு அசைந்துவிடும். பிஸெர்த்தா ஊரின் துறைமுகத் தெரு நாடகக் குழுவில் மீன்காரர், தபால்காரர், பல் வைத்தியர் என்று யார் நடித்தாலும் மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பது அவள்தான்.

பகலில் கல்யாணத் துணி தைப்பவள். மற்ற நேரத்தில் ஊருக்கே வசனம் எடுத்துக் கொடுப்பாள். கசாப்புக் கடையில் பக்கத்து வீட்டுக்காரி "எனக்கு ஒரு..." என்று தொடங்கினால், "அரைக் கிலோ, கொழுப்பில்லாம" என்று இவள் முடித்து வைப்பாள். துக்க வீட்டுக்கு வந்தவன் பேச்சு வராமல் திணறினால் அவன் காதருகே போய் ஆறுதலையும் எடுத்துக் கொடுப்பாள். பெரும்பாலும் அது சரியாக இருந்துவிடும் என்பதுதான் எரிச்சல். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு தைக்கும்போது மட்டுமே தெரு அவளை வாய் மூடிப் பார்த்திருக்கிறது.

கணவர் தாஹர் படகுகளுக்கு வர்ணம் பூசுகிறவர். "நான் என்ன நினைக்கிறேன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்தி, மனைவியின் முகத்தைப் பார்ப்பார். மீதி அங்கிருந்து வரும். "உனக்கு நாக்கு எதுக்குப்பா, சூப்பு குடிக்கவா?" என்று காப்பிக் கடையில் சீண்டுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இந்த அதிகாரத்தை வஸீலா ஒரு மீனை வெட்டிச் சம்பாதித்திருந்தாள். அந்த ஊர் வழக்கப்படி, கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஆளுக்கொரு மீனும் கத்தியும் கொடுப்பார்கள். முதலில் வெட்டி முடித்தவர் பேச்சுதான் அந்த வீட்டில் எடுபடும். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மொக்கைக் கத்தியைக் கொடுப்பதும், அவன் மீனுக்குள் எதையாவது செருகி வைப்பதும் ஊரறிந்த குறும்பு. அதெல்லாம் கூடாதென்று வஸீலா தன் வீட்டுப் பெண்களிடம் சத்தியமே வாங்கியிருந்தாள். அளவு கொடுக்க வரும் ஒவ்வொரு மணப்பெண்ணிடமும் மார்தட்டிக்கொள்வாள்: "என் மீன்ல கள்ளத்தனம் கிடையாதுடி. நேர்மையா வெட்டினேன். அவரு கத்தி அசையக்கூட இல்ல."

இந்த வருடம் அவர்கள் போட்டது ஒரு சிரிப்பு நாடகம். ஏணியிலிருந்து விழுந்த ஒருவர், தனக்குக் கல்யாணமானதே மறந்துவிட்டது என்று சாதிக்கிறார். நினைவு திரும்பட்டுமென்று குடும்பமே அந்தக் கல்யாணத்தை முதலிலிருந்து நடத்துகிறது. மறந்தவராக நடித்தது தாஹர்; மனைவியாக நடித்தது பல் வைத்தியர் உல்ஃபா. இந்தத் தடவை மீனை முந்திக்கொண்டு வெட்டிவிட்டு, "இனிமே இந்த வீட்ல என் பேச்சுதான்" என்று தாஹர் சொல்ல வேண்டும்.

முதல் நாள் ஆட்டத்தில் தாஹர் கத்தியை மீன் மேல் வைத்தார். அப்படியே நின்றார். வஸீலா வரியை எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. இன்னும் உரக்கக் கொடுத்தாள். அது மூன்றாம் வரிசைவரை கேட்டுவிட, எல்லாரும் சிரித்தார்கள். தாஹர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு என் மீனுக்குள்ள ஆணி இருந்துச்சு," என்றார். "கத்தி பட்டதுமே தெரிஞ்சுது. கொஞ்சம் தள்ளி வெட்டியிருந்தா நான்தான் முதல்ல. கத்திய வெச்சுட்டேன்."

அரங்கம் குலுங்கியது. நாடகத்து வரி என்றே எல்லாரும் நினைத்தார்கள். வஸீலா பதறித் தாள்களைப் புரட்டினாள். அப்படியொரு வரி எங்கும் இல்லை. திரை இடுக்கு வழியாக முன்வரிசையைப் பார்த்தாள். அத்தனை பேர் சிரிக்க, அவள் அக்கா மப்ரூக்கா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

தாஹர் உல்ஃபாவை விட்டுத் திரையோரம் திரும்பினார். "இத்தனை வருஷமா என் பேச்ச நீதான் முடிக்கிற. நான் என்ன சொல்ல வந்தேன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கியா?"

கைதட்டல் அடங்கவே இல்லை. உல்ஃபா அடுத்த வரிக்காக ஓரத்தைப் பார்த்தாள். வஸீலா தாஹரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் உல்ஃபாவே எதையோ சொல்லிச் சமாளித்தாள்.

மறுநாள் காலையில் மப்ரூக்கா வந்து ஒப்புக்கொண்டாள். மாப்பிள்ளை பார்க்க முரடாக இருந்தாராம், தங்கை அவரிடம் என்ன பாடுபடுவாளோ என்று பயந்து ஆணியைச் செருகினாளாம். வஸீலா அவளைத் திட்டக்கூட இல்லை. அக்கா செய்ததை அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. அது தாஹருக்குத் தெரியும், தெரிந்தே தோற்றார், மணப்பெண்களிடம் தான் மார்தட்டிய ஒவ்வொரு தடவையும் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அக்கா போன பிறகு தாஹர் காப்பிக் கோப்பையோடு எதிரில் வந்து உட்கார்ந்தார். "அன்னிக்கு நான் எதுக்குக் கத்திய வெச்சேன்னா..." என்று ஆரம்பித்தவர், பழக்க தோஷத்தில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார்.

மீதி வஸீலாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மடியில் தைக்கத் துணி எதுவும் இல்லை. அவள் குண்டூசி டப்பாவைத் திறந்து, நாலைந்தை எடுத்து உதடுகளுக்கிடையில் கவ்விக்கொண்டாள்.