கைராசிக்காரரின் இருநூற்றுப் பன்னிரண்டு மரங்கள்

மழைக்காட்டின் ஓரத்து நாற்றுப்பண்ணையில் அவருக்குக் கைராசிக்காரர் என்றே பெயர். விறகுக்கட்டையை நட்டாலும் துளிர்க்கவைப்பார் என்று உடன்பணியாளர்கள் பாதி கேலியும் பாதி பெருமையுமாகச் சொல்வார்கள். தம் கையில் ஒன்றுமில்லை, எல்லாம் இறைவன் இட்ட பிச்சை என்பது அவர் துணிபு.

முப்பதாம் வயதில் ஒரு மரத்தின் குலத்தையே அவரிடம் ஒப்படைத்தார்கள். அக்காட்டையன்றி வேறெங்கும் வளராத அவ்வினத்தில் எஞ்சியவை இரண்டே. ஒன்று பண்ணைக்கு அருகில். மற்றொன்று அரைநாள் நடைத் தொலைவில், மலைச்சரிவில். இரண்டும் பூத்தோ காய்த்தோ கண்டவர் இல்லை. விதையின்றிப் பெருக்கக் கிளைத்துண்டை வெட்டி நடுவதொன்றே வழி.

அருகிருந்த மரத்தின் துண்டுகள் பத்தில் எட்டு வேர்விட்டன. சரிவிலிருந்ததன் துண்டுகளோ மும்முறையும் அழுகின. நான்காம் முறை அவர் மலையேறவில்லை. பிடிக்கிற குச்சியிருக்க அழுகுகிற குச்சிக்கு அலைவானேன் என்று எந்த நாற்றுக்காரரும் எண்ணுவதையே அவரும் எண்ணினார். அவ்வாண்டு மழையில் மண் சரிந்து அந்த மரம் வீழ்ந்தது.

பின்னர்ப் பத்தொன்பது ஆண்டுகளில் அருகிருந்த மரத்தின் துண்டுகள் இருநூற்றுப் பன்னிரண்டு மரங்களாயின. மழைநாளிலும் மரங்களைப் பார்த்துவிட்டே வீடு திரும்புவார்.

"உங்க இருநூத்திப் பன்னெண்டு பிள்ளைங்களும் சாப்பிட்டாச்சா? நான் பெத்த ஒண்ணு இங்க பசியோட உக்காந்திருக்கு," என்பாள் மனைவி.

"அதுங்க காய்க்கட்டும்டி. அப்புறம் வீட்டைவிட்டு நகரமாட்டேன்."

இவ்வாண்டுதான் மரங்கள் முதன்முதலாக மொட்டுவிட்டு, சில பூக்கவும் தொடங்கின. தாவர ஆய்வாளரான இளம்பெண் வந்து, ஒரு மொட்டைப் பிளேடால் பிளந்து உருப்பெருக்கியில் நோக்கினார்.

"இது ஆண்பூ, ஐயா. இந்த இனத்துல ஆண் மரம் வேற, பெண் மரம் வேற போலிருக்கு."

"அடுத்ததைப் பாருங்கம்மா."

நாற்பது மரங்களைப் பார்த்தார். நாற்பதிலும் அதே பூ.

"எல்லாம் ஒரே மரத்துக் குச்சியா?"

"ஆமாம்மா. அதுதான் நல்லா வேர் பிடிச்சுது."

"அப்போ அத்தனையும் ஆண்தான். காய்க்காது, ஐயா. இன்னொரு மரம் இருந்துச்சாமே?"

"விழுந்துடுச்சு. நாலாவது தடவையும் போயிருக்கணும்மா," என்றார்.

"அது பெண்ணுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதுக்காகவாவது போயிருக்கணும்."

ஆய்வாளர் பேச்சை மாற்ற எண்ணிப் படிவத்தை விரித்தார். "இருநூத்திப் பன்னெண்டு மரம், நல்ல நிலையிலன்னு போட்டுக்கிறேன்."

"ஒண்ணுன்னு போடுங்கம்மா. ஒரே மரத்தைத்தான் இத்தனை இடத்துல நட்டு வச்சிருக்கேன்."

படிவத்தில் எண்ணிக்கைக்குத்தான் கட்டமிருந்தது; அது ஏன் ஒன்று என்று விளக்க இடமில்லை. ஆய்வாளர் இருநூற்றுப் பன்னிரண்டு என்றே எழுதினார். காற்றெழுந்தது. போய்ச் சேர ஒரு பெண்பூவுமின்றி, மகரந்தம் கைராசிக்காரரின் சட்டையெங்கும் மஞ்சளாய்ப் படிந்தது.