செம்மலின் ஐஸ் பந்து

ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனியில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவன் செம்மல். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் கம்பெனி மூடிக் கிடக்கும். தடை முடிந்து கடலுக்குப் போகும் அன்று, முதல் ஐஸ் கட்டியைக் கைராசிக்காரன்தான் ஏற்றவேண்டும் என்று படகுக்காரர்கள் பார்ப்பார்கள். செம்மலை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

தடைக்காலத்தில் நாங்கள் சீட்டாடுவோம். அவன் பந்து உருட்டுவான். எறிந்து பிடிக்கிற வித்தை அல்ல. சாத்துக்குடி அளவில் கண்ணாடி மாதிரி, உள்ளே கெட்டியான ஒரு பிளாஸ்டிக் பந்து. அதை உள்ளங்கையிலிருந்து புறங்கைக்கு, அங்கிருந்து முழங்கைக்கு, விரலால் பிடிக்காமலே ஓடவிட வேண்டும். சரியாகச் செய்தால் கைதான் நகரும், பந்து அந்தரத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். போனில் பார்த்து வந்த ஆசை. முதல் வருடம் பந்து விழுந்து கால்விரல் நகம் இரண்டு போனதுதான் மிச்சம். வேலையற்ற வேலை என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். மூன்று வருடமாக அவன் விடவில்லை.

இந்த வருடம் படகுகள் கிளம்புவதற்கு முந்தின நாள் கோயில் திருவிழா. மேடையில் அவனுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். ஊர் முன்னால் ஒரு தடவை செய்து காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது.

அதற்கு நாலு நாள் இருக்கும்போது அந்தக் கூறுகெட்ட காரியத்தைச் செய்தான். உச்சி வெயிலில் பந்தைப் படகுக்காரர் பிச்சைமுத்துவின் வலைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். வெயில் பந்துக்குள் புகுந்து ஒரே புள்ளியில் குவிந்து, நைலான் கருகிவிட்டது.

"கடலுக்குப் போற நேரத்துல வலையில தீய வச்சுப்புட்டியேடா, வெளங்குமா?" என்று கத்தி, பந்தைக் கடலில் வீசினார் பிச்சைமுத்து. செம்மல் உட்கார்ந்து வலையைத் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

"பேசாம மேடைக்கு வரலைன்னு சொல்லிருங்க" என்றாள் மனைவி இளமதி.

"சொல்ல மாட்டேன்."

கம்பெனியில் அப்போதுதான் மறுபடி ஐஸ் போட ஆரம்பித்திருந்தார்கள். ஒரு துண்டை எடுத்து எவர்சில்வர் கிண்ணத்தில் சுழற்றிச் சுழற்றி உருண்டையாக்கினான். வழுக்கி விழுந்து நொறுங்கியது. மறுபடி ஒன்று. விரல் மரத்துப்போனால் அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு மறுபடி ஒன்று.

திருவிழா அன்று மேடையேறினான். முன்வரிசையில் பிச்சைமுத்து. பின்னாலிருந்து எவனோ விசிலடித்தான். ஐஸ் பந்து உருள ஆரம்பித்ததும் விசில் நின்றது. தண்ணீர் சொட்டச் சொட்ட அது உள்ளங்கை, புறங்கை, முழங்கை என்று ஓடியது. பத்து நிமிடம் தாண்டியும் அவனை யாரும் இறங்கச் சொல்லவில்லை. பந்து எலுமிச்சை அளவுக்குச் சுருங்கிவிட்டது. கை செக்கச்சிவந்துவிட்டது, பந்து விழவில்லை. கடைசியில் புறங்கையில் நிறுத்திவிட்டு அசையாமல் நின்றான். அன்றைக்குச் சிரித்த நானும் கைதட்டினேன்.

பிச்சைமுத்து எழுந்து மேடையோரம் வந்தார்.

"விடியக்காலம் வந்துருடா. எம் போட்டுல மொத ஐஸு ஒங் கையாலதான் ஏறணும்."

"வாரேண்ணே" என்றான் செம்மல்.